மூளைக் காயமடைந்த அமெரிக்க அரசுப் பணியாளரும் குடும்பத்தாரும் இழப்பீடு கோருவது எப்படி

அமெரிக்க அரசுப் பணியில் இருந்தபோது மூளைக் காயமடைந்த ஒருவரின் வீட்டில், விண்ணப்பம் எழுத உதவுவதற்காக நான் போய் உட்கார்ந்த நாளில், மேசைமீது இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று நான்கு விரல் தடிமன்; முழுவதும் செய்திக் கட்டுரைகள், ஆய்வறிக்கைகள், தொலைக்காட்சிப் பேட்டிகளின் எழுத்து வடிவங்கள். மற்றொன்றில் மருத்துவரின் கடிதம் ஒன்று, எம்ஆர்ஐ அறிக்கை ஒன்று, மருந்துச் சீட்டுகள் மூன்று மட்டுமே இருந்தன. அந்த இரண்டு கோப்புகளின் பருமனும் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இழப்பீட்டை முடிவு செய்கிறவர்கள் படிக்கப்போவது இரண்டாவது கோப்பைத்தான். அதை எப்படிச் சேர்ப்பது, எங்கே கொடுப்பது, எந்தக் காலக்கெடுவுக்குள் கொடுப்பது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் கியூபாவின் தலைநகரான ஹவானாவிலிருந்த அமெரிக்கத் தூதரகப் பணியாளர்கள் சிலர், திடீரென்று விசித்திரமான ஒலி கேட்டதாகவும் தலைக்குள் அழுத்தம் ஏறியதாகவும், அதன்பின் தலைச்சுற்றல், காதுவலி, மறதி, தூக்கமின்மை ஆகியவை விடாமல் தொடர்ந்ததாகவும் சொல்லத் தொடங்கினார்கள். 2018-இல் சீனாவின் குவாங்சோ நகரத் துணைத் தூதரகத்திலிருந்தும் இதேபோன்ற முறையீடு வந்தது. பிறகு வேறு நாடுகளிலிருந்தும் வந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் வழங்க அதிகாரமளிக்கும் ஹவானா சட்டம் பிரதிநிதிகள் சபையில் 427 வாக்குகள் ஆதரவாகவும் எதிர்வாக்கு ஒன்றும் இல்லாமலும் நிறைவேறி, 2021 அக்டோபர் 8 அன்று குடியரசுத் தலைவர் பைடனின் கையெழுத்தைப் பெற்றது. அதைச் செயல்படுத்தும் வெளியுறவுத் துறையின் விதிகள் 2022 ஜூன் 30 அன்று வெளியாகி, அதே ஆண்டு ஆகஸ்டு 15 முதல் நடைமுறைக்கு வந்தன.

இந்த நிகழ்வுகளுக்குக் காரணம் என்ன என்பதில் சர்ச்சை ஓயவில்லை. அயல்நாட்டு எதிரி ஒருவர் காரணமாக இருப்பது மிகவும் ஐயத்துக்குரியது என்று அமெரிக்க உளவு அமைப்புகளில் பெரும்பாலானவை 2023 மார்ச்சில் மதிப்பிட்டன. தேசிய சுகாதார நிறுவனங்கள் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, பாதிக்கப்பட்டவர்களின் எம்ஆர்ஐ படங்களில் மூளைக் காயத்துக்கான தெளிவான தடயம் தெரியவில்லை என்றது. ஆனால் அவர்களிடம் சோர்வும் மனச்சோர்வு அறிகுறிகளும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, இனி விண்ணப்பித்துப் பயனில்லை என்று ஒதுங்கிவிடுகிறவர்களைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. யார் செய்தார், எந்தக் கருவியால் செய்தார் என்று நிரூபிக்கும் சுமையை இந்தச் சட்டம் காயமடைந்தவரின் தோளில் ஏற்றவில்லை. காயம் உண்டு, அது குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் நேர்ந்தது, அதற்குத் தொடர்ந்து சிகிச்சை தேவைப்பட்டது என்பதைக் காட்டுவதே அவருடைய வேலை.

முதலில் தொழிலாளர் துறை

ஹவானா சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் பலரும் நேரே அதற்கே விண்ணப்பிக்க முனைகிறார்கள். என் அனுபவத்தில் அது தவறான வரிசை. பணியில் காயமடைந்த அமெரிக்க அரசின் குடிமைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் 1916-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அது கூட்டாட்சிப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அதைத் தொழிலாளர் துறையின் பணியாளர் இழப்பீட்டு அலுவலகம் நடத்துகிறது. பணியிடம் வாஷிங்டனாக இருந்தாலும் வேறொரு கண்டத்துத் தூதரகமாக இருந்தாலும் அது பொருந்தும். ஹவானா சட்டம் தருவது ஒரே ஒரு முறை கிடைக்கும் தொகை. தொழிலாளர் துறை வழியே கிடைப்பதோ மருத்துவச் செலவும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கான மாதாந்தர ஊதிய ஈடும் ஆகும். ஒன்றைப் பெற்றால் மற்றொன்று போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். ஹவானா சட்டத் தொகை, பணியாளர் இழப்பீட்டுக்கு மேலதிகமாகத் தரப்படுவதே தவிர அதற்கு மாற்றாகத் தரப்படுவது அன்று.

ஒரே நாளில் அல்லது ஒரே பணிமுறை நேரத்துக்குள் நேர்ந்த காயத்துக்குச் சிஏ-1 என்ற படிவம். ஒன்றுக்கு மேற்பட்ட நாள்களில் படிப்படியாக உண்டான பாதிப்புக்குச் சிஏ-2. இந்தத் தேர்வில் கவனம் வேண்டும். ஏனென்றால், சிஏ-1 படிவத்தைக் காயம் நேர்ந்த 30 நாள்களுக்குள் கொடுத்தவர்களுக்கு மட்டுமே, விடுப்பைக் கழிக்காமல் 45 நாள்கள் வரை வழக்கமான சம்பளம் தொடர்ந்து கிடைக்கும். சிஏ-2 கொடுப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓர் இரவில், ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் தொடங்கிய பாதிப்பாக இருந்தால், அது பிறகு பல மாதங்கள் நீடித்தது என்ற காரணத்துக்காக அதைச் சிஏ-2 என்று எழுதிவிடாதீர்கள். தொழிலாளர் துறையின் இணையவழிச் சேவையான ஈகாம்ப் மூலமாகவே இரண்டையும் பதிவு செய்யலாம்.

பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டுகள். அது கடந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: காயம் நேர்ந்த 30 நாள்களுக்குள் நேரடி மேலதிகாரிக்கு அது தெரிந்திருந்தால், மூன்று ஆண்டு வரம்பு தடையாக நிற்காது. ஆகவே, அன்றைக்கு மேலதிகாரிக்கு அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சல்கூடப் பிற்காலத்தில் பெரிய சான்றாகிவிடும். தூதரகத்தில் பணியாற்றுகிறவர்கள் மேலதிகாரிக்கு மட்டுமல்லாமல், பாதுகாப்பு அதிகாரிக்கும் தூதரக மருத்துவப் பிரிவுக்கும் அதே நாளில் எழுத்து மூலமாகத் தெரிவித்து, அந்தக் கடிதங்களின் நகலை அலுவலகக் கணினியில் அல்லாமல் வீட்டில் வைத்திருக்க வேண்டும். பணி மாற்றத்திலோ ஓய்விலோ அலுவலக மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்ட பிறகு அந்த நகல்களைத் தேடி அலைந்தவர்களை நான் அறிவேன்.

45 நாள்கள் முடிந்தும் வேலைக்குத் திரும்ப முடியவில்லை என்றால் சிஏ-7 படிவத்தில் ஊதிய இழப்பீடு கோர வேண்டும். சார்ந்திருப்போர் இல்லாதவருக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும், மனைவி, கணவர், குழந்தை என யாரேனும் சார்ந்திருப்பவருக்கு 75 சதவீதமும் கிடைக்கும். தொடர்ந்து ஒருவரின் துணை தேவைப்படும் அளவுக்குப் பாதிப்பு இருந்தால், உதவியாளருக்காக மாதம் 1,500 டாலர் வரை கூடுதலாகப் பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதைக் கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவு என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பழைய சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கை, கால், கண், காது ஆகியவற்றின் நிலையான இழப்புக்கு அட்டவணைப்படி இத்தனை வாரச் சம்பளம் என்று தனித் தொகை வழங்கப்படுகிறது. ஆனால் 'உறுப்பு' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் வரையறையே மூளையையும் இதயத்தையும் முதுகையும் விலக்கி வைத்திருக்கிறது. ஒரு விரலை இழந்தவருக்கு அட்டவணையில் இடம் உண்டு. நினைவாற்றலை இழந்தவருக்கு இல்லை. இதை முதன்முதலாகப் படித்தபோது நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடியும் மறுபடியும் வரையறைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூளைக் காயத்தின் விளைவாகக் கேட்கும் திறனோ பார்வையோ கை கால்களின் இயக்கமோ நிலையாகக் குறைந்திருந்தால், அந்த உறுப்பின் பெயரால் அட்டவணைத் தொகை கோரலாம். ஆகவே காது, கண், சமநிலை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

ஹவானா சட்டம் எதைக் காயம் என்கிறது

இனிச் சொல்லப்போவது வெளியுறவுத் துறையின் விதிகள். மத்திய உளவு முகமை, பாதுகாப்புத் துறை, நீதித் துறை போன்றவை தத்தம் பணியாளர்களுக்குத் தாமே இதை நடத்துகின்றன. ஆகவே காயம் நேர்ந்தபோது எந்தத் துறையின் பணியாளராக இருந்தீர்களோ அந்தத் துறையிடமே விண்ணப்பிக்க வேண்டும், இப்போது வேறு துறைக்கு மாறியிருந்தாலும் சரி, ஓய்வு பெற்றிருந்தாலும் சரி.

காயம் 2016 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ நேர்ந்திருக்க வேண்டும். போர், கிளர்ச்சி, பகைச் செயல், பயங்கரவாதச் செயல், அல்லது வெளியுறவு அமைச்சர் குறித்தறிவிக்கும் வேறு நிகழ்வு ஆகியவற்றில் ஒன்றோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும். பணியாளர் வேண்டுமென்றே செய்த தவறான நடத்தையால் வந்த காயமாக இருக்கக் கூடாது. தூதரகப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவருக்கு இந்த வாசல் இல்லை. அவருக்குத் தொழிலாளர் துறையின் வாசல் மட்டுமே.

மருத்துவ அளவில் மூன்று வழிகளில் ஒன்று நிறைவேறினால் போதும். முதலாவது, மூளை அதிர்ச்சி, ஊடுருவிய காயம் போன்ற திடீர்க் காயமோ ஒரு நிகழ்வோ மூளையின் செயல்பாட்டை நிலையாக மாற்றிவிட்டது என்பதைச் சிடி, எம்ஆர்ஐ போன்ற படங்களோ, மூளையின் மின்செயல்பாட்டைக் காட்டும் இஇஜி பதிவோ உறுதிப்படுத்துவது. இரண்டாவது, அதிர்ச்சிவழி மூளைக் காயம் என்று மருத்துவர் கண்டறிந்து, அதற்கு 12 மாதங்களோ அதற்கு மேலோ தொடர் சிகிச்சை தேவைப்பட்டிருப்பது. மூன்றாவது, முன்பு இல்லாத நரம்பியல் அறிகுறிகள் திடீரெனத் தோன்றி நீடித்து, செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் போயிருப்பதும், அதைப் படங்களோ இஇஜியோ உடல் பரிசோதனையோ பொருத்தமான வேறு சோதனையோ உறுதிப்படுத்துவதும், அதற்கும் 12 மாதங்களோ மேலோ சிகிச்சை நடந்திருப்பதும்.

எம்ஆர்ஐ தெளிவாக இருக்கிறது என்று சொல்லப்பட்டு மனமுடைந்து போனவர்கள் அந்த மூன்றாவது வழியை மறுபடியும் படிக்க வேண்டும். படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும், கண் அசைவுச் சோதனையிலோ சமநிலைச் சோதனையிலோ நரம்பு உளவியல் சோதனையிலோ மருத்துவரின் நேரடிப் பரிசோதனையிலோ அளந்து காட்டக்கூடிய குறைபாடு தெரிந்தால், கதவு மூடப்படவில்லை.

12 மாதங்கள் என்ற சொல்லில்தான் பல விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன. நான்கு மாதம் மருத்துவரிடம் போய்விட்டு, குணமாகவில்லை என்ற சலிப்பில் ஐந்து மாதம் எங்கும் போகாமல் இருந்து, பிறகு மீண்டும் தொடங்கினால், அந்த இடைவெளி கோப்பில் பளிச்சென்று தெரியும். அறிகுறி குறைந்துவிட்டதால் நின்றாரா, பயனில்லை என்று நின்றாரா, பணி மாற்றத்தால் மருத்துவர் கிடைக்காமல் நின்றாரா என்பதைப் படிக்கிறவரால் ஊகிக்க முடியாது. ஆகவே மருத்துவர் மாறினாலும் சிகிச்சை அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுபட்டே தீரும் என்றால் அதற்கான காரணத்தை அடுத்த மருத்துவரிடம் சொல்லி அவருடைய குறிப்பில் ஏறச் செய்யுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் ராணுவ மருத்துவ அமைப்புக்குள் நுழைவதற்கே பெரும் இடர்ப்பாடுகளைச் சந்தித்ததை அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2024 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. இடைவெளி எப்போதும் நோயாளியின் அலட்சியத்தால் வருவதில்லை. ஆனால் அதற்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவரின் கையெழுத்து

வெளியுறவுத் துறையின் விண்ணப்பப் படிவம் டிஎஸ்-4316. அதில் ஒரு பகுதியை விண்ணப்பதாரரும் மற்றொரு பகுதியை மருத்துவரும் நிரப்ப வேண்டும். மருத்துவர் யாராக இருந்தாலும் சரி என்பதில்லை. அமெரிக்க உளமருத்துவம் மற்றும் நரம்பியல் வாரியம், அமெரிக்க ஆஸ்டியோபதி நரம்பியல் மற்றும் உளமருத்துவ வாரியம், அமெரிக்க உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வு வாரியம் ஆகியவற்றில் ஒன்றின் நடப்புச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். உங்களைப் பத்து ஆண்டுகளாக அறிந்த குடும்ப மருத்துவரின் குறிப்புகளும், காது மருத்துவர், கண் மருத்துவர் ஆகியோரின் அறிக்கைகளும் சான்றுகளாக உதவும். ஆனால் படிவத்தில் அவர்களுடைய கையெழுத்து செல்லாது. முதல் சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே வாரியச் சான்று நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது, கடைசி வாரத்தில் வேறு மருத்துவரைத் தேடும் அலைச்சலைத் தவிர்க்கும்.

மருத்துவர் எழுதும் வாக்கியங்களில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கடிதத்தில், 'நோயாளி தனக்குத் தலைச்சுற்றல் இருப்பதாகவும் கவனம் செலுத்த முடியவில்லை என்றும் கூறுகிறார்' என்று இருந்தது. அது மருத்துவரின் கருத்து அன்று. நோயாளியின் சொல்லை மருத்துவர் திருப்பி எழுதியது. அதே நோயாளியைப் பற்றி வேறொரு மருத்துவர், எந்தத் தேதியில் எந்தச் சோதனை செய்தார், கண்களை மூடி நிற்கச் சொன்னபோது எத்தனை நொடியில் எந்தப் பக்கம் சாய்ந்தார், நினைவுச் சோதனையில் அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண்ணிலிருந்து எவ்வளவு கீழே இருந்தார், நிகழ்வுக்கு முந்தைய பதிவுகளில் இத்தகைய குறை ஏதும் ஏன் இல்லை என்பதையெல்லாம் எழுதி, ஆகவே இந்தக் குறைபாடு இந்த நிகழ்வின் விளைவு என்பது என் மருத்துவக் கருத்து என்று முடித்திருந்தார். தொழிலாளர் துறைக்கும் இந்த இரண்டாவது வகைக் கடிதமே தேவை. காரணத்தையும் விளைவையும் இணைத்துக் காட்டாத மருத்துவக் கருத்துக்கு அங்கே எடை குறைவு.

நல்ல மருத்துவர்களும் நேரமின்மையால் முதல் வகைக் கடிதத்தைத் தந்துவிடுவதுண்டு. ஒரு பக்க அளவில் நிகழ்வுகளின் தேதிவாரிக் குறிப்பையும், விதியில் உள்ள மூன்று வழிகளின் வாசகத்தையும் எழுதி மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுங்கள். என்ன எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லக் கூடாது. எந்தக் கேள்விக்கு அவர் விடை எழுதுகிறார் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

நாட்குறிப்பு

மருத்துவரைக் காணும் அரைமணி நேரத்தில் நோயாளி நன்றாகப் பேசிவிடுவார். அடுத்த நாள் முழுவதும் எழ முடியாமல் கிடப்பார். அந்த அடுத்த நாள் எந்தப் பதிவிலும் வராது. அதற்காகவே நாட்குறிப்பு வேண்டும். 'இன்று மோசமான நாள், ஓயாத தலைவலி' என்று எழுதுவதால் பயன் குறைவு. நான் பார்த்த நல்ல பதிவு ஒன்று இப்படி இருந்தது: 'செவ்வாய், காலை 9.40. கூட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் பேசுபவரின் வாக்கியம் பிடிபடவில்லை. திரையைப் பார்த்தால் தரை சாய்வதுபோல் இருந்தது. 11.15 வரை விளக்கணைத்த அறையில் படுத்திருந்தேன். மாலையில் கார் ஓட்டவில்லை.' நேரம், தூண்டிய செயல், நீடித்த அளவு, செய்ய முடியாமல் போன வேலை ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன.

குடும்பத்தாரின் வாக்குமூலத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 'அவர் முன்போல் இல்லை' என்று எந்த மனைவியும் எந்தக் கணவரும் எழுதிவிடலாம். தொடக்கத்தில் சொன்ன அந்த வீட்டு அம்மையார் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தார். என்ன மாறியது என்று நான் விடாமல் கேட்டபோது, திருமணமான நாளிலிருந்து வீட்டுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதி வந்த கணவர் ஒரே மின்கட்டணத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை கட்டிவிட்டு, இரண்டாம் ரசீதை ஏந்திக்கொண்டு இதை யார் கட்டியது என்று தன்னிடமே கேட்டார் என்றார். அந்த இரண்டு ரசீதுகளையும் வாக்குமூலத்தோடு இணைத்தோம்.

குடும்பத்தாருக்கு என்ன உண்டு

இந்த இடத்தில் குழப்பம் அதிகம் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். பணியாளர் காயமடைந்தார் என்பதற்காக அவருடைய மனைவிக்கோ குழந்தைக்கோ ஹவானா சட்டம் தனித்தொகை தருவதில்லை. ஆனால் பணியாளரோடு அந்த ஊரில் இருந்த குடும்ப உறுப்பினர் தாமே காயமடைந்திருந்தால், அவர் தம் சொந்த உரிமையில் விண்ணப்பிக்கலாம். கணவன், மனைவி, காயம் நேர்ந்தபோது 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளைகள், பணியாளரைச் சார்ந்திருந்த பெற்றோர் ஆகியோர் விதியின் வரையறைக்குள் வருகிறார்கள். ஒரே வீட்டில் மூவர் பாதிக்கப்பட்டிருந்தால் மூன்று விண்ணப்பம், மூன்று மருத்துவக் கோப்பு. ஒன்றிலேயே மற்றவர்களின் நிலையையும் சேர்த்து எழுதிவிட முடியாது.

குடும்ப உறுப்பினருக்கு இந்தச் சட்டம் அவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் அவர்களைத் தொடுவதே இல்லை. வெளிநாட்டில் கணவரின் பணியிடத்துக்குத் துணையாகச் சென்று அங்கே நோயுற்ற மனைவிக்குத் தொழிலாளர் துறையிடம் கேட்க ஒன்றும் இல்லை. அவருக்கு மருத்துவக் காப்பீடு கொடுக்காத சோதனைச் செலவுகளையும் சிகிச்சைச் செலவுகளையும் ஏற்கும் அதிகாரம் துறைத் தலைவருக்குச் சட்டத்தில் தரப்பட்டிருக்கிறது. ஆகவே காப்பீட்டு நிறுவனம் மறுத்த கடிதங்களையும் கையிலிருந்து கட்டிய ரசீதுகளையும் தூக்கி எறியாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் பள்ளி ஆவணங்கள் பெரிதும் உதவும். நிகழ்வுக்கு முந்தைய ஆண்டு மதிப்பெண் அட்டையும் பிந்தைய ஆண்டு அட்டையும் பக்கத்தில் இருக்கும்போது, பெற்றோர் விளக்கி எழுத வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

பணியாளர் காயத்தால் இறந்துவிட்டால், வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் தொழிலாளர் துறையிடம் சிஏ-5 படிவத்தில் கோர வேண்டும். பிள்ளைகள் இல்லாத வாழ்க்கைத்துணைக்குச் சம்பளத்தில் 50 சதவீதம்; பிள்ளைகள் இருந்தால் துணைக்கு 45 சதவீதமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 15 சதவீதமுமாக, மொத்தம் 75 சதவீதத்தைத் தாண்டாமல் கிடைக்கும்.

தொகை எவ்வளவு

வெளியுறவுத் துறை இரண்டு படிகளை வைத்திருக்கிறது. உயர்நிலை அதிகாரிகளுக்கான ஊதிய அட்டவணையின் மூன்றாம் நிலை ஆண்டுச் சம்பளத்தில் 75 சதவீதம் அடிப்படைத் தொகை; முழு 100 சதவீதம் மேல்நிலைத் தொகை. விதி நடைமுறைக்கு வந்த 2022-இல் அந்தச் சம்பளம் 1,87,300 டாலர். எனவே அடிப்படைத் தொகை 1,40,475 டாலராக இருந்தது. சம்பள அட்டவணை உயரும்போது இந்தத் தொகைகளும் உயரும். இதற்கு வருமான வரி கிடையாது. ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கிய நிதி இருக்கும் வரையே பணம் தரப்படும் என்பதால், கோப்பு முழுமையான பிறகு காத்திருக்க வேண்டாம்.

மேல்நிலைத் தொகைக்கு மூன்று காரணங்களில் ஒன்று வேண்டும். மீண்டும் வேலைக்குத் திரும்பும் வாய்ப்பில்லை என்று தொழிலாளர் துறை தீர்மானித்திருக்க வேண்டும். அல்லது சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அல்லது அன்றாடச் செயல்களுக்கு முழுநேர உதவியாளர் தேவை என்று வாரியச் சான்று பெற்ற மருத்துவர் உறுதி செய்திருக்க வேண்டும். முதல் இரண்டும் வேறு அலுவலகங்களின் முடிவுகள் என்பதைக் கவனியுங்கள். தொழிலாளர் துறையை முதலில் அணுகச் சொன்னதற்கு இதுவும் காரணம். அங்கே ஓராண்டுக்கு முன்பே தொடங்கிய கோப்பு இங்கே மேல்நிலைத் தொகைக்குச் சாவியாகிவிடும்.

மூன்றாவது காரணத்தை அளக்கக் காட்ஸ் அட்டவணை என்பதைப் பயன்படுத்துகிறார்கள். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களை ஒருவர் தாமே செய்கிறாரா என்று அது பார்க்கிறது. மூளைக் காயமடைந்த பலர் இந்த ஆறையும் செய்துவிடுவார்கள். ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து வெளியே போய்விடுவார்கள். அந்த ஆபத்தை இந்த அட்டவணை பிடிப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழியை மட்டும் நம்பியிராமல், வேலை செய்ய முடியாதவர்கள் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடமும் விண்ணப்பித்து வைப்பது நல்லது. முதலில் அடிப்படைத் தொகை பெற்றவர், பிறகு நிலை மோசமாகி மேல்நிலைத் தகுதி அடைந்தால் வித்தியாசத் தொகைக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

மறுப்புக் கடிதம் வந்தால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும். அந்தக் காரணத்துக்கு மட்டும் விடை எழுதுங்கள். 12 மாதச் சிகிச்சைக்குச் சான்று போதவில்லை என்று சொல்லியிருந்தால், நிகழ்வு நடந்த இரவைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுதுவதால் ஒன்றும் ஆகாது. விடுபட்ட மாதங்களின் மருத்துவக் குறிப்புகளை வரவழைத்து அனுப்ப வேண்டும்.

தொழிலாளர் துறையின் முடிவை எதிர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் காலம் வேறு. நேரில் பேசும் விசாரணை கேட்க 30 நாள்கள்; புதிய சான்றோடு மறுபரிசீலனை கேட்க ஓராண்டு; பணியாளர் இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக 180 நாள்கள். அந்த வாரியம் ஏற்கெனவே கோப்பில் இருப்பதை மட்டுமே பார்க்கும், புதிய மருத்துவ அறிக்கையை அது ஏற்காது. ஆகவே கையில் புதிய அறிக்கை இருப்பவர் அவசரப்பட்டு வாரியத்துக்குப் போகக் கூடாது. மறுபரிசீலனை கேட்பதே அவருக்குச் சரி.

வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் தொழிலாளர் துறை வழக்குகளில் வென்றால் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்ளும் கட்டணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. எந்தக் கட்டணத்துக்கும் இழப்பீட்டு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்கிறவர் வந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

இந்தக் காலக்கெடுக்களைக் காயமடைந்தவரின் நினைவில் விட்டுவிடக் கூடாது. அவருக்கு இருக்கும் குறையே அதுதான். வீட்டில் ஒருவர், அல்லது நம்பிக்கையான நண்பர் ஒருவர், எல்லாக் கடிதங்களையும் திறந்து பார்க்கும் அனுமதியோடு பொறுப்பேற்க வேண்டும். நாள்களைக் கடிதம் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணாமல், கடிதத்தின் மேல்பகுதியில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். நான் சொன்ன அந்த வீட்டில் இப்போது அம்மையார் ஒவ்வொரு கடிதத்தின் உறைமீதும் இரண்டு தேதிகளைச் சிவப்பு மையில் எழுதுகிறார்: கடிதத்தில் அச்சிட்ட முடிவுத் தேதி, பதில் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள்.